எட்டு ஐம்பதுக்கு வந்த டீச்சர்

18 நவம்பர், திங்கள்

அன்றைக்கு நடந்ததை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிவிட்டார் பெரிய டீச்சர். என் விஷயம் ஒரு தாளில் அடங்குமா? அதனால்தான் இந்த டைரியை எடுத்தேன். உரக்கடைக்காரன் கொடுத்தது. ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் இருக்க, எனக்கென்று ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தான். வருடம் முடிய ஒன்றரை மாதம் இருக்கும்போது கொடுத்தான் என்று குறை சொல்லக்கூடாது.

எழுத எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படிப்பு ஏழாம் வகுப்பு. எட்டிலும் முக்கால் வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் காலத்து எட்டு இந்தக் காலத்து பி.ஏ.

பெயர் உச்சிமாகாளி. புளியங்குடிக்கு மேற்கே எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் இருபத்தாறு வருடமாக உதவியாளர். மணியடிப்பது, பீரோ சாவி வைத்திருப்பது, தபால் கொண்டுபோவது என்று பேருக்குச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தை உண்மையில் நடத்துவது யார் என்று ஊருக்குத் தெரியும். கழிப்பறைக்குள் வந்த ஏழடி நல்லபாம்பை ஒற்றைக் கையால் பிடித்தவன் நான்.

நான்காம் வகுப்பு ஆவுடைச்செல்வி டீச்சர் என் அண்ணன் மகள். அண்ணன் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம். அவளை ஆளாக்கியது நான்தான் என்று சொன்னால் மதினிகூட மறுக்கமாட்டாள். அவள் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவதால் அவள் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேருக்கும் நான் சித்தப்பாதான்.

போன புதன்கிழமை, பதின்மூன்றாம் தேதி, ஆவுடை இறந்துபோனாள். நாலு நாள் காய்ச்சல். வயது இருபத்தொன்பது. ஆஸ்பத்திரிச் சீட்டில் காலை எட்டு நாற்பது என்று போட்டிருக்கிறது.

இனிமேல்தான் விஷயம். அன்றைய ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் அவள் கையெழுத்து இருக்கிறது. பக்கத்தில் நேரம், எட்டு ஐம்பது. கையெழுத்தோடு நேரமும் போட வேண்டும் என்பது எங்கள் பெரிய டீச்சரின் சட்டம்.

பெரிய டீச்சர் பொன்மலர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

“பீரோ சாவி உங்ககிட்டதான இருந்தது. இது யாரு போட்டா?”

“ஆவுடைதான் டீச்சர்.”

“செத்துப் பத்து நிமிஷம் கழிச்சா?”

அப்போதுதான் சொன்னேன். அதுவரை மனதில் வைத்திருந்தேன், யாரும் பயந்துவிடக்கூடாதே என்று.

“என் கண்ணால பாத்தேன் டீச்சர். எப்பவும் போல எட்டு அம்பதுக்கு வந்தா. பச்சைச் சேல. கையில குடை. கையெழுத்துப் போட்டா. ‘சித்தப்பா, போர்டை அழிச்சிராதீய, பாடம் பாக்கி கெடக்கு’ன்னா. நாலாப்புக்குள்ள நுழைஞ்சா. நான் மணியடிக்கிற கட்டைய எடுக்கத் திரும்புனேன். பாத்தா ஆளக் காணோம்.”

பெரிய டீச்சர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கதவருகே டீ கொண்டுவந்த சத்துணவுச் சமையல் சண்முகக்கனி வாயில் கை வைத்தபடி நின்றிருந்தாள். மத்தியானத்துக்குள் மூன்று தெருவுக்கும் விஷயம் போய்விட்டது.

“சரி, நடந்தத எழுதித் தாங்க” என்றார் பெரிய டீச்சர். “அடுத்த திங்கள்ல இருந்து நாலாம் வகுப்புக்குத் தற்காலிகமா ஒரு டீச்சர் வாராங்க. அந்த அறையைக் கழுவி, போர்டைத் துடைச்சு, மேசையை ஒழிச்சுத் தயாராக்குங்க.”

ஒரு வாரம் எதற்கு? எனக்கு ஒரு மணி நேரம் போதும்.


19 நவம்பர், செவ்வாய்

காலையில் வாளி, துடைப்பம், பினாயில் சகிதம் போனேன். நான்காம் வகுப்பு வராந்தாவை இதுவரை யாரும் கழுவாத அளவுக்குக் கழுவினேன். உள்ளே நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போர்டில் பன்னிரண்டாம் தேதி அப்படியே இருக்கிறது. செவ்வாய். பதிவு 31, வருகை 29. கீழே மழை எப்படி உண்டாகிறது என்று படம் போட்டிருக்கிறாள். கடல் போட்டு, மேலே போகும் அம்புக்குறி போட்டு, மேகமும் போட்டுவிட்டாள். மழை இன்னும் போடவில்லை. மேசையில் பிள்ளைகளின் நோட்டுகள் அடுக்கி இருக்கின்றன.

பிள்ளைகள் யாரும் உள்ளே போகவில்லை. வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து, ஐந்தாம் வகுப்பு டீச்சர் கொடுத்த வாய்ப்பாட்டைப் படித்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். உள்ளே போனவள் சாக்பீஸ் எடுத்தாள் என்றும், கிரீச்சென்று சத்தம் கேட்டது என்றும், பிச்சிப்பூ வாசம் வராந்தா வரை வந்தது என்றும் சொன்னேன். நேற்று இதெல்லாம் ஞாபகம் வரவில்லை.

மகராசி என்ற பிள்ளை கேட்டாள். “டீச்சர் எங்க நோட்டைத் திருத்திட்டாவளா சித்தப்பா?”

“திருத்துவா.”

அவள் தலையை ஆட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் சண்முகக்கனி வந்து நின்றாள்.

“அண்ணே, ரூமக் கழுவச் சொன்னாவல்லா?”

“கழுவிட்டேன்.”

“தரை காஞ்சு கெடக்கு.”

“நான் கழுவுனா சீக்கிரம் காஞ்சிரும்.”

“ஆமா. பாம்பும் நீரு பிடிச்சா வளருது. போன வருசம் அஞ்சடி.”

இந்த ஊரில் திறமைக்கு மரியாதை கிடையாது. ஆனாலும் டீக்கடையில் இன்று என்னை நிற்கவிடாமல் பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். நாலு தடவை சொல்லச் சொன்னார்கள்.


20 நவம்பர், புதன்

காலை எட்டே முக்காலுக்கு மதினி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நேரே நான்காம் வகுப்புக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒன்பதேகாலுக்கு எழுந்து போனாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் வேலை இருந்தது.


21 நவம்பர், வியாழன்

இன்றும் வந்தாள். அதே பெஞ்சு. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சு, முட்டிக்கால் இரண்டும் நெஞ்சுக்கு வருகிறது. எட்டு ஐம்பதுக்கு முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலையே பார்த்தாள். நான் வெளியே மணியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது துடைக்காமலே பளபளவென்றுதான் இருக்கும்.

ஒன்பதேகாலுக்கு வெளியே வந்து என்னைக் கூப்பிட்டாள்.

“கொழுந்தனாரே, இங்க வாரும். என்ன சேல கட்டியிருந்தா?”

“நீலம் மதினி.”

அடுப்படியில் இருந்து சண்முகக்கனி எட்டிப் பார்த்தாள். “அன்னைக்குப் பச்சைன்னீரே?”

“பச்சையும் நீலமும் கலந்தது.”

மதினி யோசித்தாள். “அப்படி ஒண்ணு அவகிட்ட இல்லியே.” பிறகு தானே தலையை ஆட்டிக்கொண்டாள். “அங்க போன எடத்துல யாரும் குடுத்திருப்பாவ.”

நான் வாளியை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தேன்.

“உம்மகிட்ட போர்டைப் பத்திச் சொன்னாளாம்லா. என்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலியா?”

பெற்றவள் கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? அதுவும் சரியாகத் தின்று எட்டு நாள் ஆனவளிடம்.

“கேட்டா மதினி. மொத வார்த்தையே அதான். ‘அம்மா சாப்பிட்டாளா சித்தப்பா’ன்னு கேட்டா.”

மதினி நேரே சண்முகக்கனியிடம் போய், “இருந்தா ஒரு வாய் சோறு போடு” என்றாள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாவது தடவையும் வாங்கினாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் கெஞ்சியும் நடக்காதது என் ஒரு சொல்லில் நடந்துவிட்டது. இதை யாராவது கவனித்தார்களா என்று தெரியவில்லை.


22 நவம்பர், வெள்ளி

பெரிய டீச்சர் பதிவேட்டை மறுபடி என் முன்னால் திறந்து வைத்தார். திறந்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன். கையெழுத்தில் ஒரு குறையும் இல்லை. ‘ஆ’வின் சுழி மட்டும் ஒரு நூல் பெரிது. அவசரத்தில் போட்டால் யாருக்கும் அப்படி விழும். இரண்டு மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டுப் போட்டால் விழாது என்று நினைப்போம். அப்படியும் விழும்.

“அறை தயாரா?” என்றார்.

“முக்கால்வாசி டீச்சர்.”

“போர்டு?”

“அதுதான் அழிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காளே.”

பெரிய டீச்சர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகித் திருகி மூடினார். “மதினி இன்னைக்கும் வந்தாங்களா?”

“வந்தா டீச்சர். நாளைக்குச் சனிக்கிழமை, வரமாட்டா.”

சனிக்கிழமையும் வந்திருக்கிறாள். கேட் பூட்டியிருந்ததால் வெளியே நின்றுவிட்டுப் போனாளாம். இன்று ஞாயிறு டீக்கடையில் சொன்னார்கள். மறந்துவிடாமல் இருக்க இதே பக்கத்தில் எழுதிவிட்டேன்.


24 நவம்பர், ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லாதபோது வேலை சுத்தமாக நடக்கும் என்று மத்தியானம் போனேன். முதலில் பெஞ்சுகளை ஒதுக்கினேன். ஒட்டடை அடித்தேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். பொய் சொல்லவில்லை, இவ்வளவும் உண்மையாகவே செய்தேன்.

மேசை டிராயரில் ஊக்கு, பிள்ளைகளிடம் பிடுங்கிய பம்பரம் ஒன்று, காய்ச்சல் மாத்திரை அட்டையில் மிச்சம் இரண்டு, பாதி தேய்ந்த சாக்பீஸ்கள். பம்பரத்தை எடுத்து வைத்தேன். மாத்திரையை என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்ப உள்ளேயே வைத்தேன்.

ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போர்டுக்கு முன்னால் நின்றேன். கடலில் இருந்து தொடங்கலாமா, மேகத்தில் இருந்தா என்று யோசித்தேன். அப்போது பின்னால் கிரீச்சென்று ஒரு சத்தம். அணில் ஓட்டுக்குள் ஓடினால் அப்படிக் கேட்கும். எனக்குத் தெரியாதா? திரும்பிப் பார்க்கவில்லை, அவசியம் இல்லாததால்.

பிறகு, “சித்தப்பா, வாறீயளா?” என்று கேட்டது.

அது அவள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கேட்டது. பாயில் படுத்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமல் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் கேட்கக்கூடாது.

நான் அப்படியெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை. துணியை மெதுவாக மேசைமேல் வைத்தேன். மெதுவாகத்தான் வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் கேட்டைப் பூட்டவில்லை என்பதும், ஒரு செருப்பு அங்கேயே இருப்பதும் தெரிந்தது.

கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு தாள் இருந்தது. நாலாக மடித்தது. பன்னிரண்டாம் தேதி போட்டிருந்த சட்டை. அது என்ன தாள் என்று இங்கே எழுதத் தேவையில்லை.


25 நவம்பர், திங்கள்

புது டீச்சர் வந்துவிட்டார். ரஹ்மத் நிஷா, கடையநல்லூர். முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டரைக்கே வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். தோளில் ஒரு பெரிய பை, அதில் பாதி சாப்பாடு, பாதி சாக்பீஸ்.

பஸ்ஸில் இருந்து இறங்கும்போதே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“நீங்கதான் பாத்தவரா?”

“ஆமா டீச்சர். என்கிட்ட மட்டும்தான் பேசுச்சு.”

“பயந்துட்டீங்களா?”

“நானா? ஏழடி நல்லபாம்ப இந்தக் கையால...”

“பாம்பக் கேக்கல. உங்க அண்ணன் மகதான வந்தா. அவளப் பாத்து நீங்க எதுக்குப் பயப்படணும்னு கேட்டேன்.”

பதில் என்னிடம் இருந்தது. அப்போது மணியடிக்க வேண்டியிருந்தது.

வகுப்புக்குள் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கடைசி பெஞ்சில் மதினி. எட்டு ஐம்பதாக இரண்டு நிமிடம். மதினி விரலை உதட்டில் வைத்துச் சத்தம் போடாதே என்று சைகை காட்டினாள்.

புது டீச்சர் வெளியே வந்து என்னைக் கேட்டார். “அந்தம்மா யாரு?”

“ஆவுடையோட அம்மா.”

“எதுக்கு உக்காந்திருக்காங்க?”

நான் மணியைத் துடைக்கத் தொடங்கினேன். அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாவது தடவை கேட்கவில்லை. பிள்ளைகளை வராந்தாவிலேயே வட்டமாக உட்காரவைத்தார். தானும் தரையில் உட்கார்ந்து பாடம் எடுத்தார். வகுப்பறை தயாராகவில்லை என்று பெரிய டீச்சரிடம் ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.


26 நவம்பர், செவ்வாய்

வியாழக்கிழமையோடு பதினாறாம் நாள். காரியத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்க மதினியின் தம்பி வந்தார். ஐயருக்குச் சொல்ல வேண்டும், இலைக்குச் சொல்ல வேண்டும். மதினி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“காரியம் வேண்டாம்.”

“என்னக்கா சொல்லுத?”

“வேலைக்கு வந்துகிட்டு இருக்கவளுக்கு எப்படிடே காரியம் செய்ய? தண்ணி எறச்சு அனுப்பிட்டா அப்புறம் வருவாளா?”

“யாருக்கா வாரா?”

“கொழுந்தனாரக் கேளு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மதினி முறத்தைக் கீழே வைத்தாள். “நாளைக்குப் புதன். அவ வந்த கெழமை. நாளைக்கு எனக்கும் தெரிவா. நீ போயிட்டு வா.”

பள்ளிக்கூடம் போனதும் பெரிய டீச்சரிடம் இதைச் சொன்னேன், குடும்ப விஷயமாக. அவர் எழுதுவதை நிறுத்தினார்.

“உச்சிமாகாளி, அன்னைக்கு நான் எட்டே முக்காலுக்கு வந்தேன். கேட்டைத் திறந்து போட்டுட்டு நீங்க எங்கயோ போயிருந்தீங்க. பீரோவும் திறந்து கெடந்தது. ஒன்பது வரைக்கும் நாலாம் வகுப்பு வாசல்ல தனியா உக்காந்து, ஆவுடை காய்ச்சலுக்காக நான்தான் ஜெபமாலை உருட்டிட்டு இருந்தேன். யாரும் வரல.”

ஒன்பது நாளாக இந்த மனுசிக்குத் தெரிந்திருக்கிறது.

“அப்ப ஏன் டீச்சர் சொல்லல?”

“நான் சொன்னா உங்க மதினி நம்பமாட்டாங்க. அறிக்கையை நாளை மறுநாள் அனுப்பணும். அதுக்கு முன்னாடி நீங்க அவங்ககிட்ட பேசுங்க.”

ஆபீசுக்கு எழுதுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அதிகாரிகள் எல்லோரையும் எனக்குத் தெரியும். தெரியாது. ஒருவரையும் தெரியாது.


27 நவம்பர், புதன்

விடியற்காலையில் இருந்து மழை. பள்ளிக்கூடத்து ஓட்டில் தகரம் தட்டுவதுபோல் சத்தம்.

மதினி எட்டரைக்கே வந்துவிட்டாள். தலை குளித்து, வெள்ளைப் பூப்போட்ட சேலை கட்டி, ஒரு சம்புடத்தில் தோசை கொண்டுவந்திருந்தாள். இரண்டு தோசை, நடுவில் எள்ளுப்பொடி. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எட்டே முக்காலுக்குச் சாரல் வராந்தாவுக்குள் அடிக்கத் தொடங்கியது. பிள்ளைகள் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினார்கள். புது டீச்சர், “உள்ள வாங்க” என்று எல்லோரையும் வகுப்பறைக்குள் கூட்டிப்போனார். பத்து நாளாக உள்ளே கால் வைக்காத பிள்ளைகள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நுழைந்தார்கள். யாரும் உட்காரவில்லை.

எட்டு ஐம்பது ஆனது. மதினி சம்புடத்தின் மூடியைத் திறந்து வைத்தாள்.

ஒன்பது. ஒன்பது பத்து. மழைச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. ஒரு சின்னப் பையன் தும்மினான்.

மதினி எழுந்தாள். “கூட்டத்தக் கண்டு வெளிய நிக்கா. பிள்ளையளா, நீங்க கொஞ்சம் வெளிய போங்க.”

“மழ பெய்யுதும்மா” என்றார் புது டீச்சர்.

“கொஞ்ச நேரந்தான். அவ வந்துட்டுப் போயிருவா. போங்க பிள்ளையளா, உங்க டீச்சர்தான.”

முதல் வரிசையில் நின்ற இரண்டு பிள்ளைகள் வாசலைப் பார்த்து நடந்தார்கள். நனைய நடந்தார்கள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வழி விட வேண்டும், விடவில்லை.

“மதினி, அவ வரமாட்டா.”

“ஏன்? புதன்தான இன்னைக்கு?”

“அன்னைக்கும் வரல. அந்தக் கையெழுத்து நான் போட்டது.”

மதினிக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். மழை அப்படிப் பெய்தது. ஆனால் புது டீச்சர் மகராசியின் தோளைப் பிடித்து அருகில் இழுத்துக்கொண்டதைப் பார்த்ததும், கேட்டிருக்கிறது என்று தெரிந்தது.

சொன்னேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆவுடை ஒரு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தாள், பெரிய டீச்சரிடம் கொடுக்கச் சொல்லி. வருடத்துக்கான தற்செயல் விடுப்பில் அவளுக்கு ஒரே ஒரு நாள்தான் மிச்சம். டிசம்பர் ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருவதாக நான் ஏற்பாடு செய்திருந்தேன். அந்த நாளை அதற்கு வைத்துக்கொள்ளட்டும் என்று எனக்கு ஒரு யோசனை. லெட்டரைப் பையில் வைத்துக்கொண்டேன். காலையில் நானே ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டால் வந்த கணக்காகிவிடும், பிறகு நிதானமாக ஆஸ்பத்திரிக்குப் போகலாம், சாயங்காலம் சொன்னால் சித்தப்பா மூளையே மூளை என்பாள் என்று நினைத்தேன்.

“ஏழரைக்கு ஆட்டோ கொண்டாறேன்னு சொன்னேம்லா. ஏழேகாலுக்கு இங்க வந்தேன். பழைய சர்க்குலர் பின்னால மூணு தடவ எழுதிப் பாத்தேன். சரியா வரல. இன்னும் எழுதுனேன். அவ வாற நேரம்னு எட்டு அம்பது போட்டேன். போட்டு முடிக்கையில எட்டேகால். ஆட்டோ ஸ்டாண்டுல நின்னு பேசிட்டேன். வீட்டுக்கு வந்தா நீங்க இல்ல.”

மதினி பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“எட்டு மணி வரைக்கும் நாங்க வாசல்ல உக்காந்திருந்தோம். அவ செருப்பு மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா.”

“ம்.”

“ஆட்டோச் சத்தம் கேக்கும்போதெல்லாம் எந்திரிச்சா. நான்தான், ‘வந்திருவாரு, இரு’ன்னேன். பக்கத்து வீட்டுக்காரன் கூப்பிட்டப்பக்கூட, சித்தப்பா வந்துரட்டும்னா.”

இது எனக்குத் தெரியாது. இதை யாரும் இதுவரை எனக்குச் சொல்லவில்லை.

“அப்ப அவ ஒரு தடவகூட வரல்லியா?”

“வரல்ல மதினி.”

“பச்சைச் சேல?”

“இல்ல.”

“அம்மா சாப்பிட்டாளான்னு கேட்டது?”

முப்பது பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு பொய் சொல்லலாம் என்று தோன்றியது. வாயில் வந்தும் விட்டது. சொல்லவில்லை.

“அதுவும் நான் சொன்னதுதான்.”

மதினி சம்புடத்தை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு தடவை அழுத்தினாள்.

“அத ஒண்ணையாவது விட்டு வச்சிருக்கலாம்லா நீரு” என்றாள்.

மழையில் இறங்கி நடந்தாள். புது டீச்சர் தன் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். நான் ஓடவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் இடத்தில் உட்கார்ந்தார்கள்.


28 நவம்பர், வியாழன்

பதினாறாம் நாள் காரியம் நடந்தது. மதினியின் தம்பிதான் எல்லாம் செய்தார். நான் வாழைமரத்தடியில் நின்றேன். என்னை யாரும் போகச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை.

மத்தியானம் பள்ளிக்கூடம் போய்ப் பெரிய டீச்சரிடம் தாளைக் கொடுத்தேன். முதலில் எட்டுப் பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். “13-11 அன்று ஆசிரியர் சு. ஆவுடைச்செல்வி பள்ளிக்கு வரவில்லை. அவர் கையெழுத்தை நான் போட்டேன். அவர் கொடுத்த விடுப்புக் கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன்.” பெரிய டீச்சர் படித்துவிட்டு, ஆபீசில் இருந்து விசாரணைக்கு வருவார்கள், வேலை போனாலும் போகலாம் என்றார். சரி என்றேன். பீரோ சாவியைக் கேட்டார். கொடுத்தேன்.

நான்காம் வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது. புது டீச்சர் ஆவுடையின் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் வாங்கிக்கொண்டார்கள். என்னைப் பார்த்து யாரும் சித்தப்பா என்று கூப்பிடவில்லை. அவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் மதினி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போயிருந்தார்கள். உள்ளே போனேன். இருக்கச் சொன்னாள். தரையில் உட்கார்ந்தேன்.

“அன்னைக்குக் காலைல இருந்து சொல்லும்” என்றாள். “கூட்டாம சொல்லும்.”

சொன்னேன். எத்தனை மணிக்கு எழுந்தேன், எந்தச் சட்டை போட்டேன், பீரோவை எப்படித் திறந்தேன், எத்தனை தடவை எழுதிப் பார்த்தேன். ஆட்டோ ஸ்டாண்டில் யாரிடம் என்ன பேசினேன் என்று கேட்டாள். பாம்புக் கதை என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். நான் வந்து பார்த்தபோது வாசல் எப்படி இருந்தது என்று கேட்டாள். ஒரு பாய் சுருட்டாமல் கிடந்தது என்றேன்.

முடிந்ததும் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவ” என்றாள்.